எந்த நாடு என்று கேட்டவர்

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினால் எங்கள் கூட்டங்களில் பேச்சு நின்றுவிடும். கழற்றிய கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைப்பார். அவசரமில்லாமல், இரண்டு பக்கமும். அதற்குள் தவறாகப் பேசியவர் தான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். யாரும் பெற்றுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கமிட்டி நியூசிலாந்தில், ஓக்லாந்துக்குத் தெற்கே பாபகூராவில் ஒரு நூலகத்தின் பின்னறையில் கூடும். நான் அப்போது தலைவர். ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைச் சபையில் இலங்கை குறித்து வாக்கெடுப்புகள் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. அப்படி ஒரு வாக்கெடுப்பு முடிந்த வாரம், செயலாளர் கொதித்துப்போய் வந்திருந்தார். பக்கத்துத் தகனினியில் புதிதாக வீடு வாங்கியிருந்த இளம் கணக்காளர். கெட்டிக்காரர்.

"உந்த ஆபிரிக்கக்காரருக்கு எங்கட பிரச்சினை எங்க விளங்கப்போகுது? சீனாக்காரன் ஒரு றோட்டுப் போட்டுக் குடுத்தால் காணும், அவன் சொல்லுற பக்கம் கையைத் தூக்குவாங்கள்" என்றார்.

கண்ணாடி கழன்றது.

"எந்த நாடு?"

"என்ன ரீச்சர்?"

"கையைத் தூக்கினது எந்த நாடு? பேரைச் சொல்லுங்கோ தம்பி."

"நான் பொதுவாச் சொன்னனான்."

"பொதுவா எண்டு அங்க ஒரு நாடும் இல்லை. எங்களுக்குச் சார்பா வாக்குப் போட்ட நாடு இருக்கு. எதிராப் போட்டது இருக்கு. ஒண்டும் போடாமல் இருந்ததும் இருக்கு. எல்லாத்தையும் ஒரே சாக்கில போட்டுக் கட்டுறியள். எங்களை அப்பிடிக் கட்டினவங்கள் எண்டுதானே இஞ்ச வந்து குந்திக்கொண்டிருக்கிறம்?"

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன்.

"அவையின்ர ஊரில சனம் சாகேக்க நீங்கள் எண்டைக்காவது ஒரு கூட்டம் போட்டனீங்களோ? ஒரு மெழுகுதிரி கொளுத்தினனீங்களோ? பிறகேன் அவை உங்களுக்குக் கை தூக்கவேணும்?"

இதுதான் அவர். எங்களுக்கும் கோபம் நிறைய உண்டு, ஆனால் அது முழுவதும் எங்களுக்காகவே செலவாகும். ரீச்சர் அந்த அறையில் இல்லாத மனிதர்களுக்காகக் கோபப்படுவார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புழுங்குவதும் இல்லை, முதுகுக்குப் பின்னால் பேசுவதும் இல்லை. எந்த இடத்தில் வந்ததோ அந்த இடத்திலேயே இறக்கிவைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பிஸ்கட் தட்டை நகர்த்தச் சொல்லுவார்.

அவரது வாழ்க்கையை ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் வேலை தேடி ஆபிரிக்க நாடுகளுக்குப் போன காலத்தில் அவரும் போனார். சாம்பியாவின் செம்புச் சுரங்க நகரம் ஒன்றில் நெடுங்காலம் பூமிசாத்திரமும் வரைபடமும் படிப்பித்தார். கணவர் அங்கேயே இறந்தார் என்று யாரோ சொன்னார்கள். ஓக்லாந்துக் குளிரில் பருத்திச் சேலை, ஆண்கள் போடும் கறுப்பு ஜாக்கெட், கம்பளிக் காலுறை, ஸ்போர்ட்ஸ் சப்பாத்து. அந்தக் கோலத்தில் ரயிலிலிருந்து இறங்கி வருவார். யாராவது பழைய நாட்களைக் கேட்டால் யானை, சிங்கம் ஒன்றும் வராது.

"செம்பு தோண்டுற ஊர்" என்பார். "ஆனா பள்ளிக்கூடத்துக்கு வயர் இழுக்கச் செம்பு இல்லை. பிள்ளையளின்ர அப்பாமார் நிலத்துக்குக் கீழ. விலை வைக்கிறது லண்டனில. இதை நான் கரும்பலகையில எப்பிடிக் கீறுறது, சொல்லுங்கோ?"

அதற்காக அங்கிருந்த ஆட்சியாளர்களை அவர் தலையில் தூக்கிவைத்து ஆடியவரில்லை. ஒரே கட்சி ஆட்சி நடந்த காலம். சந்தை வாசலில் ஆளும் கட்சி இளைஞர்கள் நின்று, கட்சி அட்டை இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்களாம். சோள மா வாங்க வந்த ஒரு கிழவியை அவர்கள் தள்ளிவிட, ரீச்சர் அவர்களில் ஒருவனின் காதைப் பிடித்துவிட்டார். அவன் அவரது பழைய மாணவன்.

"அவன் என்ன செய்தான்?" என்று கேட்டேன்.

"அழுதான். கிழவியை உள்ளுக்கு விட்டான். அடுத்த நாள் என்னைப் பொலிசுக்குக் கூப்பிட்டவை" என்றார். "அந்த நாட்டுக்காரர் அந்த நாட்டு ஆட்சியை எவ்வளவு திட்டுறவை தெரியுமோ? நீங்கள் இஞ்சயிருந்து திட்டுறதெல்லாம் அதுக்கு முன்னால கால் தூசு. ஆனா அவை பேரைச் சொல்லித் திட்டுவினம்."

அவரோடு இருப்பது சுகமான விஷயமில்லை. அதையும் சொல்லவேண்டும். தகனினியில் ஒரு குழந்தையின் முதலாவது பிறந்தநாள். கேக்கைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். குழந்தையின் தகப்பன் யாரோடோ பேசிக்கொண்டிருந்தவர், "ஆபிரிக்காவில லஞ்சம் குடுக்காமல் ஒரு ஆணி அடிக்கேலாது" என்றார்.

"எந்த நாடு?"

அவர் சிரித்துச் சமாளித்தார். ரீச்சர் விடவில்லை. "சரி, வாங்கினவன்ர நாடு உங்களுக்கு மறந்துபோச்சு. குடுத்தவன் எந்த நாடு? சுரங்கத்துக்குக் கையெழுத்து வைக்கச் சொல்லிக் காசுப் பெட்டி கொண்டுபோனவன் எந்தப் பிளேனில வந்தவன்? வாங்கிறவனுக்கு மட்டும்தான் தோல் நிறம் இருக்கோ?"

குழந்தையின் தாய் சமையலறைக்குப் போய் அழுதாள். ஒரு வருடமாகக் காத்திருந்த நாள் அவளுக்கு. ரீச்சர் அவளிடம் போய், "பிள்ளை, உன்னில எனக்கு ஒரு கோபமும் இல்லை" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து பல வீடுகளில் அவரை அழைப்பதை நிறுத்திவிட்டார்கள். நானும் மனதுக்குள், நல்லது என்றுதான் நினைத்தேன்.

ரீச்சருக்கு வாகனம் இல்லை. கூட்டம் முடிந்தபின் நான்தான் வீட்டில் இறக்கிவிடுவேன். ஒரு மாலை வானொலியில் ஒரு கப்பலைப் பற்றிச் செய்தி போனது. உரத்துக்கான பொஸ்பேற் கல் ஏற்றிவந்த கப்பல். அதை இறக்கக்கூடாது என்று துறைமுகத்தில் சிலர் பதாகையோடு நின்றார்கள்.

"அந்தக் கல் எங்கயிருந்து வருது?" என்று ரீச்சர் கேட்டார்.

நான் மண்ணியல் படித்தவன். ஓய்வு பெறும்வரை ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தவன். எந்தப் பண்ணைக்கு எவ்வளவு உரம் போடவேண்டும் என்று சொல்வதுதான் என் தொழில். நான் உடனே பதில் சொன்னேன்.

"மொரோக்கோ."

அவர் கண்ணாடியைத் துடைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. சிவப்பு விளக்கில் நின்றோம்.

"நீங்கள் மண் படிச்ச மனுசன். நான் வெறும் உலக மப் கீறிப் படிப்பிச்சவள். அப்ப நான் பிழையாக் கீறிப்போட்டன் போல" என்றார். "மொரோக்கோ எங்க முடியுது எண்டு உங்களுக்குத் தெரியும், தலைவர்."

தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே தெரியும். அந்தக் கல் மேற்குச் சகாராவிலிருந்து வருகிறது. ஸ்பெயின் அந்த நாட்டை விட்டுப் போனபோது மொரோக்கோ உள்ளே புகுந்தது. மக்களில் பெருந்தொகையானோர் ஓடிப்போய், அல்ஜீரியப் பாலைவனத்தில் முகாம்களில் இருக்கிறார்கள். மொரோக்கோவோடு இருப்பதா, தனியாக இருப்பதா என்று அவர்களிடமே வாக்கெடுப்பு நடத்துவோம் என்று ஐக்கிய நாடுகள் சபை வாக்குக் கொடுத்தது. அதற்காகக் காத்திருந்த காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள். சுரங்கத்திலிருந்து கடற்கரைவரை பாலைவனத்தைக் குறுக்கறுத்து ஒரு கன்வேயர் பெல்ட் ஓடுகிறது. அந்த நாட்டுக்காரர்களிடம் கேட்காமல் அந்த நாட்டை வெட்டி, அதில் ஏற்றிக் கப்பலில் கொட்டுகிறார்கள். வாங்குகிறவர்களில் நியூசிலாந்துக்காரர்களாகிய நாங்கள் முக்கியமானவர்கள். எங்கள் புல் பச்சையாக இருக்கவேண்டும், எங்கள் பசு அதைத் தின்னவேண்டும், வெண்ணெயை உலகத்துக்கு விற்கவேண்டும். சுத்தமான, பச்சையான நாடு என்று விமான நிலையத்தில் படம் மாட்டியிருக்கிறோம்.

எங்கள் கூடத்தில் அதை "நல்ல கல்" என்பார்கள். உர ஆலைக்குப் பொருந்தும் கல். நானும் அப்படித்தான் சொன்னேன். என் வீட்டு மோர்ட்கேஜைக் கட்டி முடித்ததும் அந்தச் சம்பளத்தில்தான். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வீதிக்குச் சிங்களத்தில் புதுப் பெயர்ப்பலகை வைத்தார்கள் என்று மேடையில் குரல் நடுங்கப் பேசியவன் நான். அதே வாயால் இன்னொருவரின் நாட்டை, பிடித்தவனின் பெயரால் அழைத்தேன். நாக்குத் தடுமாறவில்லை. பழகியிருந்தது.

பச்சை விளக்கு விழுந்தது.

"உங்கட நிலத்தைப் பிடிச்சவன் அதில விளையுறதை வித்தால் கள்ளன்" என்றார் ரீச்சர். "அவையின்ர நிலத்தைப் பிடிச்சவன் வித்தால் ஏற்றுமதியாளரோ?"

"ரீச்சர், இது நான் ஒருத்தன் செய்யிற விசயமில்லை."

"நான் உங்களைக் கப்பலை மறிக்கச் சொன்னனானோ? பேரைச் சரியாச் சொல்லுங்கோ எண்டுதான் சொன்னனான்."

அடுத்த வருடம் மே மாத நினைவு நாளுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம். போரின் கடைசி நாட்களில் இறந்தவர்களுக்காக ஒவ்வொரு வருடமும் ஒரு மண்டபம் எடுத்து விளக்கேற்றுவோம். அந்த முறை ஒரு எம்.பி. வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். நாடாளுமன்றத்தில் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதாகவும் சொல்லியிருந்தார். செயலாளர் பல மாதம் அலைந்து பிடித்த ஆள். அந்தக் கமிட்டிக் கூட்டத்தில் ரீச்சர் எழுந்தார்.

மேற்குச் சகாராவிலிருந்து ஒருவர் நியூசிலாந்துக்கு வந்திருக்கிறார், தொழிற்சங்கங்களையும் அரசியல்வாதிகளையும் சந்திக்கிறார், ஒரு தேவாலய மண்டபத்தில் அவரைக் கண்டு பேசினேன் என்றார். "முகாமில பிறந்து வளர்ந்த மனுசன். எங்கட நினைவு நாளில அவருக்குப் பத்து நிமிசம் குடுங்கோ. அவ்வளவுதான்."

"ஐயா" என்று செயலாளர் என் பக்கம் திரும்பினார். "எம்.பி. முன்வரிசையில இருப்பார். அவரின்ர அரசாங்கம் இந்தக் கல்லு விசயத்தில வாய் திறக்க விரும்பேல்லை. அவரை வைச்சுக்கொண்டு இதை மேடையில ஏத்தினால் எங்கட அலுவல் கெட்டுப்போகும்."

மலேசியாவிலிருந்து வந்த ஒரு அம்மா எங்கள் கமிட்டியில் இருந்தார். நினைவு நாளில் சமையல் பொறுப்பு அவருக்கு. "பத்து நிமிஷம்தானே, குடுத்துட்டா என்னா? பாவம்லா, அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்காரு" என்றார்.

கமிட்டி பாதியாகப் பிரிந்தது. தலைவர் சொல்லட்டும் என்று விட்டார்கள். யோசிக்க எனக்கு நேரம் கொடுத்தார்கள். யாரும் நெருக்கவில்லை. நான் சொன்னேன்: "அவர் விருந்தாளியா வரட்டும். பேச்சு வேண்டாம்."

"அப்ப வந்து கஞ்சி குடிக்கலாம்" என்றார் ரீச்சர்.

"ஓம் ரீச்சர், கட்டாயம்" என்றேன். பிரச்சினை முடிந்தது என்ற ஆறுதலில் சொன்னேன்.

கஞ்சி எங்கள் நினைவு நாளின் வழக்கம். முற்றுகைக்குள் கடைசியாகக் கிடைத்த அரிசியைத் தண்ணீரும் உப்பும் விட்டுக் காய்ச்சிச் சனம் குடித்ததை மறக்காமலிருக்க, வருகிற எல்லோருக்கும் அதையே கொடுப்போம். அன்றும் கொடுத்தோம். எம்.பி. காகிதக் குவளையை வாயருகே பிடித்தபடி படமெடுக்க நின்றார். பின்வரிசையில் ரீச்சருக்குப் பக்கத்தில் ஒரு ஒல்லியான மனிதர், மண்ணிற ஜாக்கெட்டோடு இருந்தார். குவளையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ரீச்சர் அவரிடம் ஏதோ சொல்ல, அவர் தலையை ஆட்டிவிட்டு அடிவரை குடித்தார். மேடையிலிருந்து அதைப் பார்த்தேன்.

எம்.பி. பேசினார். நாங்கள் சிறிய நாடு, எல்லோருக்கும் நண்பர்கள், இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்க்கவேண்டும், நிலைமையைக் கவலையோடு கவனித்து வருகிறோம் என்றார். தமிழில் மொழிபெயர்த்தது நான். கவலையோடு கவனிக்கிறோம் என்று அவர் சொன்னதை, உங்களோடு நிற்கிறோம் என்று சொன்னேன். மண்டபம் கைதட்டியது. முதியவர்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அவர்கள் கைதட்டியது நான் சொன்ன பொய்க்கு.

பிறகு நன்றியுரை. அதுவும் நான்தான். எம்.பி.க்கு, மண்டபத்தாருக்கு, சமைத்தவர்களுக்கு. கடைசியாக, "ஆபிரிக்காவிலிருந்து வந்திருக்கும் நண்பருக்கும்" என்றேன்.

ரீச்சர் எழுந்து நின்றார். அன்றைக்குக் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"எந்த நாடு, தலைவர்?"

அவர் கத்தவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. தலைகள் திரும்பின. நாட்டின் பெயர் என் வாயில் இருந்தது. சொல்ல ஒரு மூச்சுப் போதும். முன்வரிசையிலிருந்த எம்.பி. மேடைப் பக்கம் சாய்ந்து, அந்த அம்மா என்ன கேட்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சாப்பாடு எப்போது என்று கேட்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மைக் என் கையில்தான் இருந்தது. எம்.பி. சிரித்தார். ஆங்கிலம் மட்டும் விளங்கிய பிள்ளைகள் சிரித்தார்கள். பின்வரிசையில் அந்த மனிதரும், தமிழில் நடந்தது ஒன்றும் விளங்காததால், மற்றவர்களோடு சேர்ந்து மரியாதைக்குச் சிரித்தார். ரீச்சர் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். "ரீச்சர், இருங்கோ, நேரம் போகுது" என்று மைக்கில் சொன்னேன். அவர் இருக்கவில்லை. நிகழ்ச்சி முடியும்வரை நின்றார்.

கார்ப் பார்க்கில் என்னைப் பிடித்தார். அந்த மனிதர் சற்றுத் தள்ளி ஒரு வாகனத்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

"நேற்று அவரும் இந்த எம்.பி.யைப் போய்ச் சந்திச்சவராம்" என்றார் ரீச்சர். "அவருக்கும் இதேதானாம்: சின்ன நாடு, எல்லாருக்கும் நண்பர், ரெண்டு தரப்பும் பேசவேணும், கவலையோட கவனிக்கிறம். ஒரு சொல்லு மாறேல்லையாம். இப்ப என்னட்டக் கேட்டார், அதுக்கு ஏன் உங்கட சனம் இவ்வளவு கைதட்டினது எண்டு. நான் என்ன சொல்லுறது? எங்கட தலைவர் நல்லா மொழிபெயர்ப்பார் எண்டு சொல்லட்டோ?"

அந்த எம்.பி. எங்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் எதுவும் பேசவில்லை. கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. ரீச்சர் அதன்பின் எங்கள் கூட்டங்களுக்கு வரவில்லை. நகரத்தில் சில வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு பதாகை பிடித்து நின்றதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தேன்.

சில வருடங்கள் போயின. செயலாளர் தலைவரானார். எனக்கு மேடையில் ஒரு பொன்னாடை போட்டு அனுப்பிவைத்தார்கள். ரீச்சருக்கு நடக்க முடியவில்லை என்று மலேசிய அம்மா சொன்னார். ஒரு பை நிறையப் பீஜோவாப் பழம் எடுத்துக்கொண்டு பாபகூராவில் அவர் இருந்த சிறிய வீட்டுக்குப் போனேன். வரவேற்றார். தேத்தண்ணி போடச் சொன்னார். போட்டுக்கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"ரீச்சர், அண்டைக்கு நான் செய்தது பிழை."

"ஓம்."

"அந்த மனுசனுக்கு மேடை குடுத்திருக்கவேணும்."

"ஓம்."

"இப்ப எண்டால் குடுப்பன்."

"இப்ப உங்களிட்ட மேடை இல்லையே" என்றார். "மேடை இருக்கேக்க வராத மனசு, அது போனாப் பிறகு வருது. வசதிதான்."

அவர் தேத்தண்ணியை ஊதிக் குடித்தார்.

"என்னட்ட வந்து மன்னிப்புக் கேட்டால் என்ன பிரயோசனம்? எனக்கு நீங்கள் ஒண்டும் செய்யேல்லை. அவரிட்டக் கேட்டனீங்களோ?"

"அவரின்ர நம்பர் இருக்கோ ரீச்சர்?"

"இருக்கு. எடுத்து என்ன சொல்லுவியள்?"

நான் வாயைத் திறந்தேன். வருந்துகிறேன், சூழ்நிலை அப்படி, அமைப்பின் நலன் என்று ஒவ்வொன்றாக வந்தது. எல்லாம் அந்த எம்.பி. பேசியது போலவே இருந்தது. ரீச்சர் காத்திருந்தார். அவர் அவ்வளவு நேரம் பொறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

"முதல் வசனத்தை யோசிச்சுக்கொண்டு வாங்கோ. பிறகு நம்பர் தாறன்" என்றார்.

நான் யோசித்துக்கொண்டு போகவில்லை. அந்தக் குளிர்காலம் ரீச்சர் இறந்துபோனார்.

இப்போது எனக்கு அந்த வசனம் தெரியும். "அன்று எங்கள் மண்டபத்தில் நீங்களும் சேர்ந்து சிரித்தீர்களே, அது எதற்கு என்று சொல்கிறேன்." அங்கிருந்துதான் தொடங்கவேண்டும். அந்த மனிதரை எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அவரது பெயரை நான் கேட்டு வைத்திருக்கவுமில்லை.